சம்சாரம் இல்லாத வீடு

கருமேகனின் மனைவி மார்லா இந்த மாதமும் ஜன்னல் ஓரத்தில்தான் நிற்கிறாள். பதினொரு வருஷமாக அவளுக்கு நான் எழுத்துப் போடுகிறேன். அவள் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு சாயா குடித்து நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டு சூப்பர்ஹீரோ காமிக்ஸுகளைத் தமிழில் கொண்டுவரும் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு நான் வேலை செய்கிறேன். சுதர்ஷன் என்பவர் மொழிபெயர்த்து அனுப்புவார். படத்திலிருக்கும் ஆங்கிலத்தை அழித்துவிட்டு, அந்தப் பேச்சு பலூனுக்குள் தமிழை அடக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிவது தமிழில் மூன்று வரி ஓடும். வெட்டிக் குறுக்கி எப்படியாவது உள்ளே தள்ள வேண்டும். பாலக்காட்டில் தமிழ் மீடியத்தில் படித்த ராவுத்தர் வீட்டுப் பெண் நான். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பஜார் ரோட்டுக்குப் பின்னால் மாடி வீடு. கீழே இஞ்சி மூட்டை ஏற்றும் லாரிகளின் சத்தம், மேலே நானும் கம்ப்யூட்டரும் மார்லாவும்.

ஒரு ஹீரோவைக் கட்டிக்கொண்டவளுக்குக் காமிக்ஸில் அதிக வேலை கிடையாது. வில்லன் கடத்திக்கொண்டு போகும்போது கத்த வேண்டும். புருஷன் பறந்து போகும்போது ‘ஜாக்கிரதை’ என்று சொல்ல வேண்டும். ஒருநாள் செத்துப்போக வேண்டும், ஏனென்றால் அவனுக்குக் கோபம் வர வேண்டும், கதை நகர வேண்டும். அப்படி ஒருத்தி சாகப்போகிற மாதம் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதுவரை முதுகை மட்டும் வரைந்துகொண்டிருந்த ஓவியர் திடீரென்று அவள் முகத்தைப் பெரிதாக வரைவார். நல்ல உடுப்பு போட்டுவிடுவார். அவள் சிரித்துக்கொண்டே சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்வாள். பலூன் பெரிதாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டால், பக்கத்தைத் திருப்பும்போது ஆள் காலி. இந்தத் தொழிலில் பெண்ணுக்கு வசனம் கூடினால் ஆயுசு குறைவு.

போன வருஷத்துப் பன்னிரண்டு இதழ்களில் மார்லாவின் பலூன்களை எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. அதில் நாற்பது பலூனில் கருமேகனின் பெயர் மட்டும்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் சைபுதீனுக்குப் பறக்கத் தெரியாது. பைக் உண்டு. தோப்பும்படியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊருக்கு அவர் சைபுக்கா, அதாவது சைபு அண்ணன். களமசேரியில் லாரி கவிழ்ந்தாலும், வைப்பினில் மீன்பிடி வள்ளம் முங்கினாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். வெள்ளம் வந்த வருஷம் ஏலூரில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பதினேழு பேரை வள்ளத்தில் ஏற்றினார். பேப்பரில் படம் வந்தது. அதை ஃப்ரேம் போட்டுக் கடையில் மாட்டியது அவரில்லை, பக்கத்துக் கடைக்காரர்கள்.

நல்ல மனுஷன். யாரும் இல்லையென்று சொல்ல முடியாது, நானே சொல்ல முடியாது. என் எரிச்சலே அதுதான். குடிக்கிறவனைத் திட்டலாம், சீட்டாடுகிறவனைத் திட்டலாம். ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கப் போனவனை என்னவென்று திட்டுவது? திட்டினால் நான்தான் பாவி.

பிப்ரவரியில் எர்ணாகுளத்தில் டாக்டர் என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். நல்ல கட்டியா கெட்டதா என்பது எடுத்து டெஸ்ட் செய்த பிறகுதான் தெரியுமாம். ஆறு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார். பாலக்காட்டிலிருக்கும் தங்கை லமியாவிடம் மட்டும் சொன்னேன். அவள் வந்து கூட இருக்கிறேன் என்றாள். அவர்தான் இருக்காரே, நீ எதுக்கு அலையணும் என்று தடுத்துவிட்டேன். மகள் ஃபிதா ஜெர்மனியில் நர்ஸிங் படிக்கிறாள். சொன்னால் அங்கே உட்கார்ந்து அழுவாள். ஆக, அவரிடம் சொல்ல வேண்டும், அவர் கூட வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆறு வாரத்தில் ஒரே ஒரு கால் மணி நேரம் அவர் என் எதிரில் உட்கார்ந்தால் போதும்.

அன்று மத்தியானமே சோறு போட்டு வைத்துக்கொண்டு, “ஏங்க, டாக்டர் ஒண்ணு சொன்னாங்க” என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது. பாதிச் சோற்றில் எழுந்தார். அவர் கை கழுவிய தண்ணீர் வாசல் வரைக்கும் சொட்டியிருந்தது. இன்னொரு நாள் போனிலாவது சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். கட் ஆகி, அப்புறம் விளிக்கிறேன் என்று மெசேஜ் வந்தது. மூன்றாம் தடவைக்குப் பிறகு எனக்கு வீம்பு வந்துவிட்டது. அவராகக் கேட்டால்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை.

டாக்டரைப் பார்த்த அதே வாரத்தில்தான் கருமேகனின் அடுத்த இதழ் ஃபைல் வந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பலூனுக்கு சுதர்ஷன் தமிழ் தர மறந்திருந்தார். கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்த கருமேகனைப் பார்த்து, இந்த வீட்டில் பேச்சே இல்லாமல் போய்விட்டது என்று மார்லா ஆங்கிலத்தில் சொல்கிறாள். சுதர்ஷனின் போன் அணைந்திருந்தது. அச்சகத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். நானே அடித்தேன்: ‘இந்த வீட்ல சம்சாரமே இல்ல.’ யோசிக்கவே இல்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பலூனுக்குள் உட்கார்ந்தது.

ஐந்து வாரம் கழித்து பதிப்பக ஆசிரியர் ஹரிநாராயணன் சென்னையிலிருந்து கூப்பிட்டார்.

“ஷபானா மேடம், முப்பத்தொண்ணாம் பக்கத்துல மார்லா என்ன சொல்றா?”

“வீட்ல பேச்சே இல்லன்னு சொல்றா சார்.”

“எழுதியிருக்கறதை அப்படியே படிங்க.”

படித்தேன்.

“மார்லா யாரு மேடம்?”

“கருமேகனோட...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். காது சூடாகிவிட்டது.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. கொச்சியில் நாங்கள் பேசும் தமிழிலும் அப்படியேதான். தமிழ்நாட்டில் சம்சாரம் என்றால் மனைவி. தெரியாமல் இல்லை, எத்தனை சினிமா பார்த்திருக்கிறேன். ஆனால் கை எழுதும்போது வீட்டுப் பாஷையைத்தான் எழுதியிருக்கிறது. ஆக, மார்லா ஹாலின் நடுவில் நின்று, புருஷனின் முகத்தைப் பார்த்து, இந்த வீட்டில் மனைவியே இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

“வாசகர் குரூப்ல ரெண்டு நாளா இதான் ஓடுது” என்றார் ஹரிநாராயணன். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். “கருமேகன் கண் டாக்டரைப் பாக்கணும்னு ஒருத்தர் மீம் போட்டிருக்கார். சிரிக்காம எழுதினது ஒரே ஒரு அம்மாதான். திண்டுக்கல்லு, மாயம்மாள்னு பேரு. பையனுக்காக புக்கு வாங்கறவங்களாம். இத்தனை வருஷத்துல மார்லா பேசினதுலேயே இதுதான் எனக்குப் புரிஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. அதை விடுங்க, ரீபிரிண்டுக்கு ‘பேச்சே இல்ல’ன்னு மாத்திக் குடுத்துடுங்க.”

மன்னிப்புக் கேட்டேன். உடனே மாற்றியும் கொடுத்தேன். சரியான வாக்கியம், சப்பென்று இருந்தது. அதன் பிறகு தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன், சிரிப்பு எங்கே அழுகையானது என்று கவனிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத பயம். அந்தப் பயத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, திண்டுக்கல்லில் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குத்தான் என்னைப் புரிந்திருக்கிறது என்று நினைத்தபோது, இவ்வளவு தனியாகவா இருக்கிறேன் என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், அஸர் தொழுகை முடித்து அவர் வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். வேடிக்கையாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்பார் என்று ஒரு கணக்கு. கணக்கு பலித்தது. சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“இது கொள்ளாமே, நல்லா இருக்கே. கருமேகன் பாவம்.”

“கருமேகனா பாவம்?”

“பின்னே? ஊரைக் காப்பாத்திட்டு வர்றவன்கிட்ட பொண்டாட்டியே இல்லன்னு சொன்னா என்ன செய்வான்?”

கோபத்தை விழுங்கிக்கொண்டேன். ஆள் உட்கார்ந்திருக்கிறாரே, அதைக் கெடுக்க வேண்டாம்.

“நாளைக்கு நான் எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எதுக்கு?”

கேட்டுவிட்டார். ஆறு வாரமாக நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. வைப்பின் பக்கம் ஒரு வள்ளத்தைக் காணவில்லை, மூன்று பேர். அவர் எழுந்து செருப்பை மாட்டும்போதே, “நீ ஆட்டோ பிடிச்சுப் போ, கேட்டோ. நான் பின்னாடி வந்துடுறேன்” என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதும் ஞாபகமில்லை. காலையில் நான் கிளம்பும்போதும் அவர் திரும்பியிருக்கவில்லை.

அட்மிஷன் கவுன்டரில் தன்யா என்ற சின்ன வயது நர்ஸ் இருந்தாள். என் ஃபைலைப் புரட்டிவிட்டு, “பைஸ்டாண்டர் எவிடே இத்தா?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

காமிக்ஸில் அந்தச் சொல்லுக்கு வேடிக்கை பார்க்கிறவன் என்று அர்த்தம். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் அது நோயாளியோடு கூட இருக்கிறவர். பேப்பரில் கையெழுத்துப் போட்டு, ரத்தத்துக்கு ஓடி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர்.

“ஆரும் இல்ல” என்றேன்.

அப்படியென்றால் சேர்க்க முடியாதே என்று தன்யா நெற்றியைச் சுருக்கினாள். பிறகு மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு கார்டை உருவி எடுத்தாள். ஆளில்லாதவர்களுக்கென்று ஒருவர் இருக்கிறார், மட்டாஞ்சேரிக்காரர், சைபுக்கா என்று பெயர், இந்த மாதம் மட்டும் இரண்டு பேருக்கு வந்து நின்றார், கூப்பிட்டால் அப்போதே வருவார் என்றாள். ஃபைலில் கணவர் பெயர் இருந்த இடத்தில் சைபுதீன் என்று நான் எழுதியிருந்தது அவள் கண்ணெதிரேதான் கிடந்தது. சைபுக்கா என்றே அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது.

தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தன்யா ஆஸ்பத்திரி போனிலேயே நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரே மணியில் எடுத்தார்.

“சைபுவாணு. பறயு சிஸ்டர்” என்றார், சைபுதான், சொல்லுங்கள் என்று.

ஒரு ஸ்த்ரீ, ஆபரேஷன், கூட யாரும் இல்லை என்றாள் தன்யா. வருகிறேன், முதலில் அவரிடம் போனைக் கொடுங்கள் என்றார். அவள் போனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இத்தா, பேடிக்கண்டா கேட்டோ” என்றது என் வீட்டுக்காரரின் குரல். “ஞான் உண்டல்லோ. கண்ணு துறக்கும்போள் ஞான் அவிடே காணும். எந்தா அசுகம்? பதுக்கெ பறஞ்சால் மதி.”

பயப்படாதே, நான் இருக்கிறேன், கண் திறக்கும்போது அங்கே இருப்பேன், என்ன நோய் என்று மெதுவாகச் சொன்னால் போதும். கொஞ்சமும் அவசரமில்லாத குரல். இந்தக் குரல் அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மலையாளத்திலேயே சொன்னேன். கட்டி என்று சொன்னேன், நல்லதா கெட்டதா தெரியாது என்று சொன்னேன், ஆறு வாரமாகத் தூக்கமில்லை என்றும் சொன்னேன். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே வரவில்லை. உம் உம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள். மலையாளத்தில் என் குரல் அவருக்குப் பழக்கமில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

“எல்லாம் செரியாவும். இத்தாவிண்டெ பேரு?”

“ஷபானா.”

“எவிடத்தெ ஷபானா?”

எந்த ஊர் ஷபானா என்று கேட்டார். அவருக்கு எத்தனை ஷபானாக்களைத் தெரியுமோ. தன்யா எனக்காகப் பேனாவோடு காத்திருந்தாள்.

“உங்க வீட்டு ஷபானாதாங்க” என்றேன், தமிழில்.

ஸ்பீக்கரில் ரோட்டின் சத்தம் மட்டும் வந்தது. ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போன் கட்டாகவில்லை. பிறகு, “வர்றேன்” என்றார். அந்த ஒரு சொல்லும் முழுதாக வெளியே வரவில்லை.

தன்யா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேப்பரை இழுத்து, பைஸ்டாண்டர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று இருந்தது. அங்கே பேனாவை வைத்துக்கொண்டு, என்ன எழுதட்டும் என்று என்னிடம் கேட்டாள்.

“அவர் வந்து எழுதட்டும்” என்றேன்.