வாய்க்குள் வைக்கும் சாமான்

அந்தப் பல் கிளினிக்கில் எல்லோரும் என்னை ‘மீன்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மீன் விற்கிறவன் இல்லை. கடல்தண்ணீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவன். பத்துத் தடவை சொல்லியாயிற்று. பதினோராவது தடவை போனாலும் “மீன்காரர் வந்துட்டார்” என்றுதான் உள்ளே குரல் போகும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் போனது பவளத்தின் விஷயம். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஆறடித் தொட்டி. அதன் நடுக்கல்லில் உட்கார்ந்து பச்சை விரல்களை ஆட்டிக்கொண்டிருந்ததே, அந்தப் பவளம் என் வீட்டில் கட்டைவிரல் நகத்தளவு துண்டாக இருந்து வளர்ந்தது. என் மனைவி அதை “உங்க மூத்த பொண்ணு” என்பாள். கிளைக்கு ஒரு தலையாக ஆறு தலை விட்டபிறகு வீட்டுத் தொட்டி போதவில்லை என்று இங்கே கொண்டுவந்து வைத்தேன். நான்கே மாதத்தில் மூன்று தலைகள் வெறும் வெள்ளை எலும்பாகிவிட்டன.

அதுவும் எப்போது? ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் சுத்தம் செய்துவிட்டுப் போன மறுநாள்தான் சுருங்கும். வயிறு எரியுமா எரியாதா?

நானும் ஏனோதானோவென்று செய்கிற ஆள் இல்லை. மோட்டாரையும் ஹீட்டரையும் நிறுத்தாமல் தண்ணீரில் கை வைக்க மாட்டேன். அதற்கு முன் கையில் சோப்பு போட மாட்டேன். சில பவளங்களில் விஷம் உண்டு என்பதால் முழங்கைக்கு மேல்வரை உறை. கண்ணாடிக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக ஒட்டி நகரும் காந்தத் தேய்ப்பானால் பாசியை எடுப்பேன். மணலுக்கு நான்கு விரல் மேலேயே நிறுத்திவிடுவேன். ஒரு மணல்துகள் உள்ளே மாட்டினால் கண்ணாடி முழுக்கக் கீறல்தான். ஒரு தொட்டியின் நோய் இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்று தொட்டிக்குத் தொட்டி தனிச் சாமான். இந்தத் தொட்டியுடையது அடி அலமாரியில், நீல வாளியில் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு, பாசி தின்பதற்காக விட்டிருந்த நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மீன்கள் மட்டும் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

தண்ணீரைச் சோதித்தேன். உப்பை மாற்றினேன். விளக்கை மாற்றினேன். மண்டை காய்ந்துபோய், கடைசியில் ஆட்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். தரை துடைக்கிற அம்மாவிடம், கண்ணாடிக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. வாட்ச்மேன் பிஸ்கட் போடுகிறாரோ என்று ஒரு மணி நேரம் தூணுக்குப் பின்னால் நின்றேன். நர்ஸை மட்டும் சந்தேகப்படவில்லை. அவள் தண்ணீர் குடித்த டம்ளரையே இரண்டு தடவை கழுவி வைக்கிறவள்.

நான்காவது தலையும் போன அன்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

“இதைப் பாத்தாலே வர்றவங்களுக்குப் பயம் வருது. இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா, தொட்டியை எடுத்துட்டு டிவி வச்சிடுவேன்.”

“யாரோ கைவரிசை காட்டுறாங்க மேடம்,” என்றேன். “யாருன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். அப்புறம் அந்த ஆள் தொட்டியில கை வைக்கவே கூடாது. வாக்குக் கொடுங்க.”

“சரி, வைக்க மாட்டாங்க.”

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அடுத்த வாரம் ஒரு நாள் முன்னாலேயே, புதன்கிழமை போய் நின்றேன். அலமாரியைத் திறந்தால் வாளி இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். பல் பிடுங்கும் கருவிகளைக் கழுவுகிற அறை. அங்கே ஒரு நீளத் தட்டில் கிருமிநாசினி. குறடுகளுக்குப் பக்கத்தில் என் காந்தத் தேய்ப்பான், பஞ்சு, கையுறை எல்லாம் ஊறிக்கொண்டிருந்தன. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

“இன்னும் நாலு நிமிஷம் அண்ணா. முழுசா இருபது நிமிஷம் ஊறினாத்தான் கிருமி சாகும்.”

“கிருமி மட்டுமாம்மா சாகுது?” கத்தியே விட்டேன். “எத்தனை நாளா இந்த வேலை நடக்குது? இந்தப் பஞ்சு ஒரு சொட்டு மருந்தைக் குடிச்சாலும் அத்தனையும் தொட்டியிலதான் கக்கும்! மீன் இதைத் தாங்கிடும். நத்தை செத்தது, பவளம் செத்தது, எல்லாம் இதாலதானா?”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. “குழாயில அலசிக் காயவச்சுத்தான் வைக்கிறேன்,” என்றாள். பிறகு சுவரைக் காட்டினாள். “நீங்கதானே அண்ணா சொன்னீங்க.”

எந்தக் கருவியை எப்படிக் கழுவ வேண்டும் என்ற பட்டியல். கடைசி வரி அவள் கையெழுத்தில்: ‘மீன்காரர் வாளி: வாய்க்குள் வைக்கும் சாமான் அளவு சுத்தம். புதன்தோறும்.’

சொன்னேன். தொட்டி வைத்த முதல் நாள், பெருமை தலைக்கேறி, எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். “உங்க டாக்டர் வாய்க்குள்ள வைக்கிற சாமான் எவ்வளவு சுத்தமோ, என் சாமானும் அவ்வளவு சுத்தமா இருக்கணும்.” சோப்பும் மருந்தும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுகூடத் தெரியாமலா இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து நாற்றம் என் மூக்குக்கும் எட்டவில்லை; அந்தக் கிளினிக்கே அந்த நாற்றம்தான்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்துவிட்டார். “கண்டுபிடிச்சிட்டீங்களா? யாரு?”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். கண் நிறைந்திருந்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

“நான்தான் மேடம்,” என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

அவர் பட்டியலைப் படித்தார், என்னைப் பார்த்தார். “அப்ப வாக்கு வாக்குதான். இனி நீங்க தொட்டியில கை வைக்கக் கூடாது. நீங்க சொல்லுங்க, அவ சுத்தம் பண்ணட்டும்.”

மறுநாள் புதுத் தேய்ப்பானும் புதுக் கையுறையும் வாங்கிக்கொண்டு போனேன். தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றச் சொன்னேன். அவள் செய்தாள். நான் நோயாளிகளோடு நாற்காலியில் உட்கார்ந்து, கை துறுதுறுக்க, மிச்சமிருந்த இரண்டு தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மணலுக்கு நாலு விரல் மேலயே நிறுத்தும்மா!”

அவள் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

“வேற ஏதாவது சொல்லாம விட்டிருக்கீங்களா அண்ணா?”