காது திரும்பிய கழுதை

சிற்பி சுஹேர் செய்த கழுதைக்கு முடி நட்டவள் நான். சிலிக்கோன் தோலில் ஊசியால் ஒவ்வொன்றாக, நான்கு மாத வேலை. சுமை தாங்காமல் முன்கால் மடிந்து விழுந்த கழுதை அது. கெய்ரோவில் கண்காட்சி மண்டபத்தின் வாசல் குறுகல். கதவைக் கழற்றும்வரை அதைத் தெருவிலேயே இறக்கி வைத்தோம்.

ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். தெருவில் அவரைக்கொட்டைக் கூழ் விற்பவர் எங்கள் மேல் பாய்ந்தார்.

“வாயில்லா ஜீவனை இப்படியா வதைப்பீங்க? அல்லாவுக்குப் பயமில்ல?”

இது பொம்மை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சுஹேர் என் கையைக் கிள்ளினாள். “பேசாத. என்ன பண்றாங்கன்னு பாப்போம்.”

அப்போது பெக்ரி என்ற வண்டிக்காரர் கழுதை வண்டியில் தக்காளி ஏற்றி வந்தார். வழியில்லை.

“யோவ், உன் கழுதையப் பின்னால தள்ளு! இங்க ஒண்ணு செத்துக்கிட்டிருக்கு!” என்ற கூழ்க்காரர், வண்டியில் பூட்டிய நிஜக் கழுதையின் மூக்கில் கையிலிருந்த கூழ்த் தட்டாலேயே ஓங்கி அறைந்தார். சுஹேரின் முகம் சுண்டிப்போயிற்று.

பெக்ரி இறங்கி வந்து குனிந்து, எங்கள் கழுதையின் மூக்கருகே கை வைத்தார்.

“மூச்சே இல்ல. ரப்பரு.”

கூழ்க்காரரும் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிப்பு வெடித்தது. கூழ்க்காரர் எங்களைத் திட்டிக்கொண்டே போனார். கூட்டமும் கலைந்தது. பெக்ரி மட்டும் நகரவில்லை.

“காது தப்பு, மகளே.”

“எப்படி மாமா?” சுஹேர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டையும் தொங்கப் போட்டிருக்க. விழுந்த கழுதை ஒரு காதத் திருப்பி வச்சுக்கும். அடிக்கிறவன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு கேக்கணும்ல?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்தப் பக்கம் நிக்கிறவன் நான்தானே.”

அன்றே ஒரு காதை அறுத்துத் திருப்பி ஒட்டினோம். ஒட்டு தெரியாமல் மறுபடி முடி நட எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

கண்காட்சிக்கு வந்தவர்கள் கண்ணைத்தான் புகழ்ந்தார்கள். சுஹேர் பெக்ரியை அழைத்திருந்தாள். அவர் வரவில்லை.

மறுவாரம் சந்தையில் அவரைப் பார்த்தோம். “ஏன் மாமா வரல?”

“இந்தக் கழுதைய யாருகிட்ட விட்டுட்டு வர்றது? அடுத்தவன் கைக்கு இது பயப்படும்.”

கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நசுங்கிய தக்காளி ஒன்றைப் பொறுக்கி அதற்கு ஊட்டினார்.