பக்கத்து நாற்காலிக்காரரின் மனைவி

பிளம்பருக்கு எந்தக் குழாயும் கைக்கு அடங்கும். இந்த நாட்டு மொழி மட்டும் வாய்க்கு அடங்கவில்லை. பேச்சுத் தேர்வில் தேறினால்தான் ஊரிலிருக்கும் மனைவிக்கு விசா. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. ஆறு மாதமாக ஞாயிறு காலை வகுப்புக்கு நடையாய் நடந்தார், பாவம்.

வகுப்பு டீச்சருக்கு ஒரு பிடிவாதம். யாரும் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது; பக்கத்து நாற்காலிக்காரரை விசாரித்து, அவராகவே மாறிப் பேச வேண்டும். சொந்தக் கதையே பேசினால் காது தூங்கிவிடும் என்பது அந்த அம்மாளின் கட்சி.

பிளம்பருக்கு வாய்த்தவர் ஒரு சலூன்காரர். தமிழ்தான், ஆனால் வகுப்பில் தமிழ் கேட்டால் டீச்சர் மேஜையைத் தட்டுவார். ஆகவே இருவரும் திக்கித் திணறி ஒருவர் வாழ்க்கையை மற்றவர் உருப்போட்டார்கள்.

தேர்வு நாள் வந்தது. "உங்கள் மனைவி என்ன செய்கிறார்?" என்றார் தேர்வாளர்.

பிளம்பரின் வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது. "என் மனைவி இறந்து மூன்று வருடம். தனியாகச் சமைக்கிறேன். உப்பு மட்டும் இன்னும் கைவரவில்லை." ஒரு தடங்கல் இல்லை. தேர்வாளர் கண்ணைத் துடைத்தபடி முழு மதிப்பெண் போட்டார்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. யாரை வரவழைக்க இந்தத் தேர்வோ, அவளையே தீர்த்துக்கட்டியாயிற்று! திருத்திச் சொல்லத் திரும்பி ஓடினார்.

உள்ளே அதற்குள் சலூன்காரர். "என் மனைவி சீக்கிரம் வந்துவிடுவாள். இளைத்துவிட்டேன் என்று திட்டுவாள்," என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிளம்பர் கதவைத் திறக்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய், தன் மனைவி உயிரோடு இருப்பதைத் தப்பும் தவறுமாக ஒப்புக்கொண்டார். தேர்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார். மதிப்பெண் பேச்சுக்குத்தான், வாழ்க்கைக்கு இல்லை என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார்.

"பாஸ் பண்ணிட்டேன்டி! உன்னைச் சாகடிச்சு பாஸ் பண்ணிட்டேன்!" போனில் முழுக்கதையும் சொன்னார்.

மனைவி சிரித்தாள்.

"ஏங்க, ஏர்போர்ட்டுக்கு வரும்போது அந்த அண்ணனையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.