இருட்டறை இல்லாத கூடாரம்

அந்த ட்ரெய்லரை லிஃப்ட் மெக்கானிக் இழுத்துக்கொண்டு வந்த அன்று மாடி வீட்டு அண்ணன் பால்கனியில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதைப் பழைய இரும்புக்குப் போடப் போறீங்களா தம்பி, இல்ல அங்கேருந்துதான் எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். அவன் சிரித்துச் சமாளித்தான். அண்ணன் இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மை. யாரோ ஒரு பெயின்டர் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு திரிந்த வண்டி அது. தரையில் நாலைந்து நிறங்கள் கொட்டிக் காய்ந்திருந்தன. ஒரு சக்கரம் உருண்டது. இன்னொன்றைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

அதன்மேல் மடித்து விரிக்கிற கூடாரம் ஒன்றைக் கட்டப்போவதாக அவன் சொன்னான். கீல் போட்ட இரண்டு பலகைகள். மேல் பலகையைப் புரட்டி வெளியே சாய்த்தால் இரண்டு குழாய்க் கால்களில் அது நிற்கும், உள்ளே நாலு பேர் படுக்க இடம் வந்துவிடும். பலகை விரியும்போதே, குழந்தைத் தள்ளுவண்டியின் மூடிபோல, வளைத்த குழாய்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு எழும். கடையில் இதே மாதிரி விற்கிறார்கள். அவன் போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீல் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான்.

அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. சின்னவன் நடக்க ஆரம்பித்ததிலிருந்து ஆறு வருஷமாக அப்படித்தான். சூடாக வந்து விழும் விரிப்புகளை இரண்டு பேர் நான்கு முனையில் பிடித்து, ஒருவரையொருவர் நோக்கி நடந்து, முனைகளைச் சேர்த்து, மறுபடி விலக வேண்டும். இரவு முழுக்க அவள் யாரையோ நோக்கி நடந்து விலகிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் வீடு திரும்பும்போது அவன் வேலைக்குப் போயிருப்பான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். மாலையில் அவன் வரும்போது அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். எல்லைச் சாவடியில் கைதிகளை மாற்றிக்கொள்வதுபோல இருவரும் சாவியையும் பிள்ளைகளையும் பற்றி நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அதற்குள் பஸ் வந்துவிடும்.

சனிக்கிழமை ராத்திரியும் வேலை உண்டு என்பதால் ஞாயிற்றுக்கிழமைப் பகலும் அவளுக்குத் தூக்கம்தான். அந்த வீடே அவள் பகல் தூக்கத்தைச் சுற்றித்தான் நடந்தது. அழைப்பு மணியின் வயரை அவன் கழற்றிவிட்டிருந்தான். மிக்சியைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஓட்டுவார்கள். டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, யார் என்ன பேசுகிறார்கள் என்று பெரியவள் தம்பியின் காதில் இட்டுக்கட்டிச் சொல்வாள். டிவிக்குச் சத்தம் உண்டு என்பதே சின்னவனுக்கு அத்தை வீட்டில்தான் தெரிந்தது. வீட்டில் அவனுக்கு வாண்டு என்று பெயர்தான், வாண்டுத்தனம் ஒன்றும் கிடையாது. அடிபட்டால்கூட வாயைப் பொத்திக்கொண்டு அழுவான்.

அதனால் ட்ரெய்லர் வேலையும் ஓசையில்லாமல் நடந்தது. அளப்பது, அறுப்பது, திருகுவது எல்லாம் வாசலில். சுத்தியலை எடுக்க வேண்டி வந்தால் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவான். மாடி வீட்டு அண்ணனுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. "மத்தவங்க நாயைக் கூட்டிட்டுப் போவாங்க, நீங்க இதைக் கூட்டிட்டுப் போறீங்க" என்றார்.

இந்த வருஷம்தான் முதல் முறையாக இருவருக்கும் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைத்திருந்தது. ஏரிக்கரையில் போய்த் தங்குவதாக முடிவு. அதற்காக அவள் எத்தனை பேருடைய முறையை மாற்றி வேலை பார்த்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். விரிப்பு மடிக்கும்போதெல்லாம் அந்த நாலு நாளை மனதுக்குள் விரித்துப் பார்ப்பாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். பிள்ளைகள் கண் விழிப்பதைப் பார்க்க வேண்டும். பத்து மணி வெயிலில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மாலை வாசலில் அவன் கறுப்புத் துணிச் சுருள் ஒன்றோடு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தான். அந்தக் கட்டத்தை மட்டும் இந்தத் துணியால் இரண்டு மடிப்பாக அடைத்துத் தைக்க வேண்டும் என்றான்.

"உனக்குத் தனி இருட்டறை. உச்சி வெயில்லகூட உள்ள கை தெரியாது. நாங்க பாட்டுக்கு வெளிய இருப்போம், நீ பாட்டுக்கு நிம்மதியா தூங்கலாம்."

அவள் துணியை வாங்கித் தடவிப் பார்த்தாள். நல்ல கனமான துணி. பல கடை ஏறி இறங்கித்தான் எடுத்திருப்பான். ஏரிக்கரைக்குப் போயும் அதே அறை, அதே கதவு, வெளியே அதே கிசுகிசு. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் துணியைச் சுருட்டிப் பலகைமேல் வைத்தாள். பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் தூங்கப் போகுமுன் கொஞ்சநேரம் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். மஞ்சள் தார்ப்பாய் விறைப்பாக இருந்தது. ஒரு கையால் தள்ளி, மறு கையால் இழுத்து, முழங்காலால் முட்டுக் கொடுத்துத் தைத்தாள். ஊசி ஒடிந்தது. மாற்றினாள். அதுவும் ஒடிந்தது. சில நாள் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். கன்னத்தில் தையல்தடம் பதிந்திருக்கும். கறுப்புத் துணியை எடுத்து விரிப்பாள், மறுபடி மடித்து வைப்பாள். கடைசியில் அதைத் தைத்தும் முடித்தாள்.

லீவுக்கு முந்தின நாள் வாசலில் வைத்து முதல் முறையாக விரித்துப் பார்த்தார்கள். அவன் பலகையைப் புரட்டினான். குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நடுக்குழாய் மட்டும் முரண்டு பிடித்தது, ஒரு தட்டுத் தட்டியதும் வழிக்கு வந்தது. மஞ்சள் கூடாரம் விம்மி நின்றது. பிள்ளைகள் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

அவன் உள்ளே தலையை விட்டான். நாலு பேருக்கும் ஒரே நீளமான படுக்கை. ஒரு தடுப்பும் இல்லை.

"கறுப்புத் துணி எங்க?"

"வண்டிக்கு உறை தைச்சுட்டேன். மடிச்சு இழுத்துட்டுப் போறப்போ மேல போட்டு மூடணும்ல. அதை நீங்க யோசிக்கவே இல்ல."

"அப்போ நீ எங்க தூங்குவ?"

"ராத்திரி. உங்களோட."

"ராத்திரி உனக்குத் தூக்கம் வருமா? ஏம்மா, ஆறு வருஷமா இந்த வீட்டுல எல்லாரும் உன் தூக்கத்துக்குக் காவல் இருக்கோம். இதுங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசறதில்ல."

"அதான் சொல்றேன். நாலு நாளைக்குக் காவல் வேணாம்."

அவன் இறுகியிருந்த நட்டு ஒன்றை மறுபடி இறுக்கினான். கொஞ்சம் கழித்து, "ரெண்டாம் நாளே சுருண்டு விழுவ, பாரு" என்றான். விழுந்தால் வெளிச்சத்தில் விழுகிறேன் என்று அவள் சொன்னாள்.

மறுநாள் காரின் பின்னால் வண்டியைக் கட்டிக் கிளம்பினார்கள். ஏரிக்கரையில் நிறையக் குடும்பங்கள் வந்திருந்தன. அவர்களுடைய கூடாரம் எழுந்தபோது நாலைந்து பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். எந்தக் கம்பெனி என்று ஒருவர் கேட்டார். சொந்தக் கம்பெனி என்று அவன் சொன்னான். காரில் ஏறியதிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

அவன் சொன்னது பலித்தது. அன்று ராத்திரி அவளுக்குப் பொட்டுத் தூக்கம் வரவில்லை. மூன்று பேரின் மூச்சையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஆனால் விடிந்ததும் சின்னவன் கண்ணைத் திறந்தான், எதிரே அம்மாவின் கண் திறந்திருப்பதைப் பார்த்தான், இது நிஜமா என்பதுபோல அவள் இமையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். வந்த காரியத்தில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

பத்து மணி வெயிலில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவளுக்கு ரொட்டியை மெல்லக்கூடத் தெம்பில்லை. கண் எரிந்தது. தலை பாறாங்கல்லாகக் கனத்தது. உச்சி வெயில் ஏறியபோது அவளால் முடியவில்லை. எழுந்து போய்ப் பலகையில் படுத்தாள். தார்ப்பாய் வழியாக இறங்கிய மஞ்சள் வெளிச்சம் மூடிய இமைக்குள்ளும் வந்தது.

வெளியே பேச்சு நின்றுவிட்டது. பக்கத்துக் கூடாரங்களில் பிள்ளைகள் கத்திக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பிள்ளைகள் தண்ணீருக்குள் கல்லை எறியாமல், குனிந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் கிசுகிசு. கணவன் நுனிக்காலில் நடப்பது சரளையில் கேட்டது. கண்ணை மூடினால் வீடு.

"ஏங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "பசங்களைச் சத்தம் போடச் சொல்லுங்க."

"சத்தம் போட்டா நீ எப்படித் தூங்குவ?"

"சத்தம் இல்லேன்னா நீங்கள்லாம் இருக்கீங்களான்னே தெரியல."

பிறகு அவன் பிள்ளைகளிடம் ஏதோ சொன்னான். பெரியவள் "ஆ" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். சின்னவன் அப்பாவிடம் கேட்டது அவளுக்கும் தெளிவாகக் கேட்டது. அதையும் அவன் ரகசியமாகத்தான் கேட்டான்.

"என்னன்னுப்பா கத்தணும்?"

கருவிப் பெட்டி திறக்கிற ஓசை வந்தது. அவள் தலைமாட்டில், துணிக்கு வெளியே, கூடாரக் கயிற்றைக் கட்டியிருந்த முளை இருந்தது. நேற்றே தலை வரைக்கும் இறக்கிய முளை அது. அதன் எதிரே அவன் மண்டி போடுவது நிழலாகத் தெரிந்தது. நிழல் சுத்தியலைத் தூக்கி, ஒரு கணம் தயங்கி, ஓங்கி அடித்தது. இரும்பில் இரும்பு விழுந்த சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. சின்னவன் வாய்விட்டுச் சிரித்தான். நிழல் மறுபடி அடித்தது. பலகையின் அதிர்வு அவள் கன்னத்தில் ஏறியது. எத்தனையாவது அடி என்று தெரியாமல் அவள் தூங்கிப்போனாள்.