வலது பக்கம்

வண்டியைத் தூக்கி நான்கு மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்து, சக்கரங்களைக் கழற்றிய பிறகுதான் வேலை எவ்வளவு என்று டிரைவருக்குப் புரிந்தது. மேலே பார்த்தால் வேன் ஏதோ பரவாயில்லை. கீழே வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டம், அந்த சேசிஸ் முழுக்கத் துரு. லேசான துருவா என்றால் அதுவும் இல்லை, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மூன்று வருஷம் மழையிலும் வெயிலிலும் கேட்பாரற்று நின்றால் எந்த இரும்புதான் தாங்கும்? இவர் கால் முறிந்து படுத்தார், பள்ளிக்கூடம் வேறு வண்டியை வைத்துக்கொண்டது, இது வாசலோரம் கிடந்தது. அவ்வளவுதான் கதை.

இப்போது அந்த வேறு வண்டிக்காரன் ஊரைவிட்டே போகிறான். "அடுத்த திங்கட்கிழமைக்குள்ள தகுதிச் சான்றிதழோட வாங்க, பிள்ளைங்கள நீங்களே ஏத்திக்கலாம்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மனுஷன் தலைகால் புரியாமல் அன்றைக்கே வண்டியை இழுத்துக்கொண்டு சோதனைக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி குனிந்து ஒரு பார்வை பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன். இம்மி துரு இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

சான்றிதழ் கிடைக்காவிட்டால் பிழைப்புக்கு வழியில்லை, மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மருமகன் நல்லவன், அதுதான் பெரிய கொடுமை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வீறாப்பாக வெளியே வந்துவிடலாம். நல்லவனை என்ன செய்வது? மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டிலைப் போட்டு, மறைப்புக்குத் திரைச்சீலையும் தைத்து மாட்டி வைத்திருக்கிறான், புண்ணியவான்.

"அந்தத் திரைக்குப் பின்னாடி இருமுறதுக்குக் கூட யோசிக்கணுங்க" என்றாள் டிரைவரின் மனைவி. "ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாலும் அவங்க சமையலறைக்குப் போய் நிக்கணும். என்னால முடியாது. குடுங்க அந்த பிரஷ்ஷ."

அவர் சிரித்தார். அவள் கையில் ஒன்று சிக்கினால் அதன் கதி என்னவென்று அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பரிசாக வந்த தம்ளர் ஒன்று வீட்டில் இருக்கிறது. கொடுத்தவர் பேரை அழகாக அதில் வெட்டியிருந்தார்கள். இவள் தேய்த்த தேய்ப்பில் பேர் போன இடம் தெரியவில்லை. கொடுத்தது பெரியப்பாவா சித்தப்பாவா என்று இன்றைக்கும் வீட்டில் சண்டை.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இடது பக்கம் புகைக்குழாயும் பட்டைகளும் குறுக்கே வரும், சாக்கைப் போட்டு மல்லாந்து படுத்துத்தான் சுரண்ட வேண்டும். அதை அவர் எடுத்துக்கொண்டார். வலது பக்கம் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டதால் கைக்கு நேராக இருக்கும், முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அவளுக்கு விரல் மூட்டுகளில் வலி, இடுப்பும் சரியில்லை. சுலபமானது அவளுக்கு இருக்கட்டும் என்று பாசமாக, ஐயோ, எவ்வளவு பாசமாக அதை அவளுக்குக் கொடுத்தார்!

முதல் நாள் முழுக்க உளியும் சுத்தியலுமாகப் பொருக்கைத் தட்டினார்கள். மறுநாள் கம்பி பிரஷ். துருத்தூள் அவர் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. எச்சில் துப்பினால் செங்கல் நிறத்தில் வந்தது. மதியத்துக்கு மேல் வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இங்க ஒரு சாண் நீளத்துக்கு ரொம்ப மோசமா அரிச்சிருக்கு. குண்டும் குழியுமா, கோடு கோடா இருக்கு. பிரஷ்ஷுக்கு மசிய மாட்டேங்குது."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார்: "அரத்தப் போட்டு ராவு. ஒரு பொட்டுத் துரு இருக்கக் கூடாது."

அவள் ராவினாள். சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு சாணை விடவில்லை. அரம், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் இன்னும் நைசான உப்புத்தாள். பிறகு மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். அவர் விரலை ஓட்டிப் பார்த்தார். வழவழவென்று ஓடியது. முப்பது வருஷத்தில் சாப்பாட்டை ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை அந்த மனுஷன். அன்றைக்குச் சொன்னார். "உன் பக்கந்தான் உசத்தி. கண்ணாடி மாதிரி இருக்கு."

அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. விரல்கள் வீங்கி, கையை மூடக்கூட முடியவில்லை. அதையும் சிரித்துக்கொண்டே காட்டினாள்.

புதன்கிழமை சிவப்பு பிரைமரை மூலை முடுக்கு விடாமல் அடித்துக் காயவிட்டார்கள். வியாழக்கிழமை காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை கறுப்பு பெயின்ட். மயிர் உதிர்கிற மட்டமான பிரஷ். ஒட்டிய மயிரை ஒவ்வொன்றாக ஊசியால் எடுத்துக்கொண்டே அடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் சலவைச் சட்டையை எடுத்துக் கொடுத்து, "வரும்போது ஹாரன் அடிச்சிட்டே வாங்க. தெருவுக்கே கேக்கட்டும்" என்றாள்.

சோதனைக்கூடத்தில் அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், டார்ச்சை அடித்துக்கொண்டு அடியில் பார்த்தார்.

"யாருய்யா பெயின்ட் அடிச்சது? கம்பெனியில கூட இப்படி அடிக்க மாட்டானே!"

"நானும் வீட்டுக்காரியும் சார்."

டிரைவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாடிப்படியும் திரைச்சீலையும் எங்கேயோ தூரமாகப் போய்விட்டன. அப்போது அதிகாரியின் உதவியாளர் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வலது முன்சக்கரத்தின் பக்கம் போனார். சேசிஸ் இரும்பில் வண்டியின் நம்பர் குத்தியிருக்கும். அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தால் நம்பர் தாளில் விழும். அதைப் பதிவுப் புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். வருஷா வருஷம் நடக்கிற சடங்குதான். ஆனால் அந்த நேரத்தில் டிரைவர் எப்போதும் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார். தாள், பென்சில் எல்லாம் புரோக்கர் பார்த்துக்கொள்வான்.

உதவியாளர் தேய்த்தார். தாள் வெறும் கறுப்பானது. இன்னொரு தாளை வைத்துத் தேய்த்தார். பிறகு கத்தியை எடுத்து பெயின்ட்டைச் சுரண்டினார், பிரைமரைச் சுரண்டினார். அடியில் வெள்ளையாக, வழவழவென்று இரும்பு மின்னியது.

"சார், கொஞ்சம் வாங்க."

அதிகாரி குந்தி உட்கார்ந்தார். டார்ச்சை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்பர் எங்கய்யா?"

கோடு கோடா இருக்கு என்று அவள் சொன்னது அப்போதுதான் டிரைவரின் காதில் விழுந்தது. அரத்தப் போட்டு ராவு என்று தான் சொன்னதும் கூடவே விழுந்தது. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சார், துருன்னு நினைச்சு..."

"நம்பர ராவுறவன் யாருன்னு தெரியுமில்ல? வண்டி திருடுறவன்."

"சத்தியமா சார், என் வண்டி சார். இருபது வருஷமா நான்தான் ஓட்டுறேன்."

அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நான் நம்புறேன் பெரியவரே. சட்டம் நம்பாது. நம்பர் இல்லாத வண்டிய வெளிய விட எனக்கு அதிகாரம் இல்ல. போலீஸ் விசாரிக்கணும், தயாரிச்ச கம்பெனி லெட்டர் தரணும். இந்தக் கம்பெனிய மூடியே பத்து வருஷம் இருக்குமே. பேசாம பழைய இரும்புக்குன்னு எழுதிக் கொடுத்துடுங்க."

வண்டியை மதிலோரமாகத் தள்ளிவிட்டார்கள். ஏற்கெனவே அங்கே புல் முளைத்துக் கிடந்த நாலைந்து வண்டிகளுக்குப் பக்கத்தில் அதுவும் நின்றது, அடியில் மட்டும் பளபளவென்று. சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். தன் மேல் வந்த ஆத்திரத்தில் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். ஒரு தரம், ஒரே ஒரு தரம் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருந்தால்! பழி முழுக்க அவருடையதுதான். ஆனால் சொன்னால் அவள் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டாள். என் கையாலேயே கெடுத்தேனே என்று சாகிற வரைக்கும் புலம்புவாள். அதுவும் அந்த மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, மருமகன் காதில் விழாமல் புலம்ப வேண்டும். இறங்குவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார்.

அவள் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களில் ஈரத்துணி சுற்றியிருந்தது. அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வண்டி எங்கங்க?"

"வயசாயிடுச்சாம். இத்தன வருஷத்துக்கு மேல பிள்ளைங்கள ஏத்தக் கூடாதாம். புதுச் சட்டமாம்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன, பாவிங்க!"

"நேத்துதான் வந்ததாம்."

அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவருக்கும் அழ வேண்டும் போலத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் உண்மையும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நம்ம வேலையயாவது பாத்தாங்களா? வலது பக்கத்த?"

"பாத்தாங்க."

"நல்லா குனிஞ்சு பாத்தாங்களா?"

"குந்தி உக்காந்து, டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"கம்பெனியில கூட இப்படிச் செய்ய மாட்டான்னு சொன்னாங்க."

"அதானே" என்றாள் அவள். பிறகு உள்ளே போய், மகள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்க ஆரம்பித்தாள்.