ஒட்டக்கூடாத இடம்

ஜெயகிருஷ்ணன் கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்தியதும், முந்தின நாள் அவர் பெட்ரோல் குழாய் முனையில் பூசியிருந்த சிலிக்கான் பசை நுங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குப்பென்று பெட்ரோல் வாடை. இது மூன்றாவது பசை. முதலில் வைத்த, சட்டென்று ஒட்டும் பசை ரப்பரை விறைக்க வைத்து வெடித்தது. அடுத்து, இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்ஸி, குழாய் கொஞ்சம் வளைந்ததும் ஓடு மாதிரி கழன்று விழுந்தது. கல்லூரி பிசிக்ஸ் லேபில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தன் கையால் சரிசெய்ய முடியாத பொருள் இருப்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கார் நிற்க வேண்டிய இடத்தில் படகு நின்றது. இன்ஜினோடு ஒரு பழைய ஃபைபர் படகு. கோவளத்தில் துரைராஜ் என்ற மீனவரிடம் வாங்கி, மினி லாரியில் ஏற்றி பீர்க்கன்கரணைக்குக் கொண்டுவந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர் வீட்டுப் பட்டாபிராமன் மாடியிலிருந்து, "சார், லைட் ஹவுஸ் எப்போ கட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

அவர் மனைவி ஞானாம்பாளுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். போன டிசம்பரில் ஏரி நிரம்பி நாலு நாள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டு டயாலிசிஸ் தவறிப்போனது. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கல்யாணச் சமையல் அண்டா ஒன்றில் அவளை உட்கார வைத்து மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளியவர்களில் இரண்டு பேர் அவளிடம் கணக்கு டியூஷன் படித்தவர்கள். போய்ச் சேரும் வரை அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இன்னிக்கும் ஒட்டலையா?" என்று கேட்டுக்கொண்டே ஞானாம்பாள் வாசலுக்கு வந்தாள்.

தண்ணீர் நிரப்பிய நீல டிரம்மில் படகு இன்ஜினின் அடிப்பாகத்தை இறக்கிவிட்டு, பெட்ரோல் குழாயின் நடுவில் இருந்த ரப்பர் உருண்டையை அவர் அமுக்கிக்கொண்டிருந்தார். அதை அமுக்கினால்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் ஏறும். இன்ஜின் ஓடும், சரியாக நாலு நிமிஷத்தில் இருமிவிட்டு நின்றுவிடும்.

"இங்க குடுங்க." டயாலிசிஸுக்காக இடது கையில் ஆபரேஷன் செய்தபோது, நரம்பு தடிக்க வேண்டும் என்று டாக்டர் அவளை ரப்பர் பந்து அமுக்கச் சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் அமுக்கிய கை அது. அந்தக் கையாலேயே உருண்டையை நிதானமாக, ஒரே சீராக அமுக்கிப் பார்த்தாள். "இது கெட்டியாகவே மாட்டேங்குதுங்க. எங்கேயோ காத்து உள்ள போகுது."

"வெளிய ஒழுகலையே."

"காத்து உள்ள போனா உங்க கண்ணுக்குத் தெரியுமா? கடையில போய்க் கேளுங்க. உங்களுக்குத் தெரியாததும் இருக்கலாம்."

மேற்குத் தாம்பரத்தில், ரப்பர் குழாயும் வாஷரும் விற்கும் கடையில் ஜெரூஷா என்ற பெண் கவுன்டரில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான பசை குடும்மா" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"உள்ள இன்னா ஓடுது சார்? தண்ணியா, பெட்ரோலா?"

"பெட்ரோல். போட் இன்ஜின்."

அவர் உருண்டையோடு கழற்றிக் கொண்டுவந்திருந்த குழாயை அவள் வாங்கி வளைத்தாள். வளைவின் முதுகில் மயிரிழை விரிசல்கள் வாய் திறந்தன. "பெட்ரோல் போற எடத்துல சிலிக்கான் நிக்காது சார். ஊறிப்போய்த் துணுக்குத் துணுக்கா உள்ள போய் அடைச்சுக்கும். இந்த எடத்துல எந்தப் பசையும் வேணாம். குழாய மாத்திட்டு ரெண்டு பக்கமும் கிளிப் போடுங்க, போதும்."

"நல்ல பசையா இருந்தா..."

"சார், இந்த ரப்பர் செத்துப்போச்சு. மேல எதைப் பூசினாலும் உயிர் வராது."

அவர் முகம் மாறியதை ஜெரூஷா கவனித்தாள். "மீன் பிடிக்கவா சார்?" என்று குரலைத் தணித்துக் கேட்டாள்.

"இல்லம்மா. என் வைஃபை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். எங்க தெருவுல தண்ணி நிக்கும்."

அவள் பெட்ரோல் தாங்கும் குழாயை அளந்து வெட்டினாள். உருண்டையின் இரு முனைகளிலும் ஒட்டியிருந்த பழைய பசையை முழுக்கச் சுரண்டித் துடைத்து, குழாயைச் செருகிக் கிளிப்பை இறுக்கினாள். "ரொம்ப முறுக்காதீங்க, ரப்பர் அறுத்துக்கும்." படகின் விளிம்பில் பெயர்ந்திருந்த ரப்பர் பட்டைக்கு மட்டும் ஒரு சிறிய டப்பா பசை கொடுத்தாள். "இத ரெண்டு பக்கமும் பூசிட்டு உடனே ஒட்டிடாதீங்க. பத்து நிமிஷம் விடுங்க. வெரல்ல ஒட்டாதப்பதான் அது ஒட்டும்."

அன்று மாலை ஞானாம்பாள் உருண்டையை ஏழெட்டு முறை அமுக்கியதும் அது கல் மாதிரி இறுகியது. இன்ஜின் இருபது நிமிஷம் நிற்காமல் ஓடியது. அவரே போய் அணைத்தார். பிறகு இருவரும் படகின் விளிம்பிலும் பட்டையிலும் பசையைப் பூசிவிட்டு, இரண்டு முக்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

"போன தடவை அந்த அண்டாவுல உட்கார்ந்தப்போ, இதோட போதும்னு நெனச்சேன்" என்றாள் அவள், பசையைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"வழி முழுக்கக் கையை நீட்டிக்கிட்டே வந்தேன். நீ பிடிக்கல."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. ஞானாம்பாள் விரல் நுனியால் பசையைத் தொட்டுப் பார்த்தாள். "ஒட்டல. இப்போ வைங்க" என்றாள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே வந்தார்கள். நடுவில் இருவர் விரல்களும் சந்தித்தபோது அவள் கையை எடுக்கவில்லை.

புதன் மதியம் பிடித்த மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை கேட்டின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. படகைத் தெருவில் இறக்கியபோது பட்டாபிராமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். ஒரு கிண்டலும் இல்லை. ஞானாம்பாள் ஏறும்வரை படகை ஆடாமல் பிடித்துக்கொண்டார். பிறகு தயங்கி, "சார், நானும் முன்னாடி உட்கார்ந்துக்கட்டுமா? ரெண்டு எடத்துல மேன்ஹோல் தூக்கிக்கிட்டு இருக்கு. எனக்கு எடம் தெரியும்" என்றார். கையில் ஒட்டடைக் குச்சி வைத்திருந்தார்.

"ஏறுங்க" என்றாள் ஞானாம்பாள்.

மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நாலு நிமிஷம் தாண்டும்வரை ஜெயகிருஷ்ணன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அலை வீடுகளுக்குள் ஏறிவிடக் கூடாதென்று வேகத்தைக் குறைத்தார். பட்டாபிராமன் குச்சியால் தண்ணீரைக் குத்தி, "லெஃப்ட்ல, சார், லெஃப்ட்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஞானாம்பாள் ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் அணைத்தபடி, தலையை நிமிர்த்தி இரண்டு பக்கத்து வீடுகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

படகு எழுப்பிய சின்ன அலைகள் ஒவ்வொரு கேட்டையும் தட்டிவிட்டு நகர்ந்தன. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, மாடிகளில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டிருந்தது.