பாதிக் கேன் நைட்ரஜன்

பந்தல்குடிப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. காளை விந்துக் குச்சிகள் கெடாமலிருக்க, திரவ நைட்ரஜன் ஊற்றிய கேனில்தான் எப்போதும் கிடக்கும்.

தொண்ணூற்றொன்றில் மகள் சுபத்ராவின் பிறந்தநாளுக்கு அதில் பாதியைப் பாலில் ஊற்றி, புகை பறக்க ஐஸ்கிரீம் கிண்டினேன். தெருவே கைதட்டியது. எனக்கும் தலைகால் புரியவில்லை. பால் கொடுத்தது பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய்; காசு வேண்டாமென்றுவிட்டாள்.

அந்த வாரம் நைட்ரஜன் லோடு வரவில்லை. கேனைத் திறந்தால் வறண்டு கிடந்தது. குச்சிகள் அத்தனையும் செத்திருக்கும். சொன்னால் வேலை போகும். லோடு வந்ததும் கேனை நிரப்பி, அதே குச்சிகளை ஊர் மாடுகளுக்குப் போட்டேன். வெள்ளைத்தாய் மாட்டுக்கு மட்டும் மூன்று முறை.

சினை பிடிக்கவில்லை. பாலும் வற்றியது. மலடு என்று அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

“ஒங்களத்தான் சும்மா அலைய விட்டுட்டேன் சார். மனசுல வச்சுக்கிராதீக. அதுக்குக் கொடுப்பினை இல்ல.”

“பரவாயில்லம்மா” என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.